வாய்க்கால் டப்பா

தமிழ்நிலாவுக்கும் ஆல்வினுக்கும் பொருத்தம் பார்த்தவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. "பொண்ணும் கேம் வேலை, பையனும் கேம் வேலை. ஒரே லைன்" என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த யாரோ சூசைமாணிக்கத்தின் காதில் போட்டார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி பிலோமினாவிடம் சொன்னார். அன்று மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் அது பாதிச் சம்பந்தம் ஆகிவிட்டது.

ஒரே லைன்தான். ஆடு வளர்க்கிறவரும் பிரியாணி தின்கிறவரும் ஒரே லைன் என்பதைப் போல.

தமிழ்நிலா தண்ணீர் செய்கிறவள். வீடியோ கேமுக்குள் ஓடுகிற ஆறு, தேங்குகிற மழை, கல்லில் மோதித் தெறிக்கிற துளி, இவைதான் அவள் வேலை. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு, திண்டுக்கல் நத்தம் சாலையில் தன் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டே செய்தாள். வீட்டில் அதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. "கம்ப்யூட்டர்ல தண்ணி வரையுறா" என்பார் சூசைமாணிக்கம். ஆழ்குழாய் மோட்டார் விற்கிற கடைக்காரர் அவர். தண்ணீரை வரைவது அவருக்கு விளங்கவே இல்லை. பிலோமினாவுக்கு மாதாமாதம் சம்பளம் வருவது மட்டும் விளங்கியது. அது போதும் என்று விட்டுவிட்டாள்.

ஆல்வின் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு மூன்று வேலைகளில் சேர்ந்து விட்டு, யூடியூபில் சேனல் ஆரம்பித்தவன். சேனலின் பெயர் 'கிழிப்போம் வாங்க'. எந்தக் கேம் வந்தாலும், எந்தக் கருவி வந்தாலும் அவன் கிழிப்பான். நன்றாக இருந்தால் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கிழிப்பான். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ஒரு பேப்பர் கப்பைக் கசக்கி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் திரும்பிப் பார்க்காமல் எறிவான். அது எப்போதும் சரியாக விழும். விழாத தடவைகளை வெட்டிவிடுகிறான் என்பது தமிழ்நிலாவுக்குப் பார்த்த உடனே தெரிந்தது.

அவன் வீடியோக்களில் பத்துப் பன்னிரண்டை அவள் பார்த்தாள். விளக்குமாற்றால் கோலம் போடுகிறவனைப் பார்ப்பது போல இருந்தது. ஆனாலும் ஆள் முரடன் இல்லை, பார்க்கவும் பரவாயில்லை. கல்யாணம் செய்துகொள்கிறவன் தன் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கே புரியவில்லை. முட்டாளோடு வாழ முடியாதா என்ன, ஊரில் பாதிப் பெண்கள் வாழத்தானே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு "பாப்போம்ப்பா" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் 'ஓரெக்ஸ்' அறிவிப்பு வந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு புதிய கேம் கன்சோல் வெளியிடப்போகிறது. அறிவிப்பு வெள்ளிக்கிழமை நேரலையில். அதற்கு முன்னாலேயே அந்தக் கருப்புப் பெட்டிக்காக உலகம் முழுக்க வளர்ந்த ஆண்கள் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள். பெட்டியின் மூலை வட்டமா சதுரமா என்று சண்டை போட்டார்கள். யாரும் பார்க்காத பெட்டியை ஆளாளுக்கு வரைந்து வெளியிட்டார்கள். ஒருவன் வரைந்ததை இன்னொருவன் திருடிவிட்டான் என்று அதற்கும் சண்டை.

தமிழ்நிலாவுக்கு அந்த அறிவிப்பில் வேறு ஒரு சங்கதி இருந்தது. பெங்களூர் கம்பெனி எடுத்த வேலை அந்தப் பெட்டியோடு வெளியாகும் கேமுக்கானதுதான். அறிவிப்புப் படத்தில் அவள் செய்த ஓடை ஒன்று சில நொடிகள் வரும். ஏறக்குறைய இரண்டு வருடம் அதில் உட்கார்ந்திருந்தாள். கேம் கடைக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது வேலையின் நிபந்தனை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றிய ஆளும் யாரும் இல்லை.

அந்த ஓடைக்கு மாதிரி, ஆத்தூர் அணைக்குக் கீழே சித்தையன்கோட்டைப் பக்கம் ஓடுகிற வாய்க்கால். ஊர்ப் பாசம் எதுவும் இல்லை. ஸ்கூட்டரில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் வருடத்தில் பாதி நாள் ஓடுகிற தண்ணீர் அது ஒன்றுதான். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அங்கே அவள் குந்தியிருந்தபோது, துணி துவைக்க வந்தவர்கள் எங்களையா படம் பிடிக்கிறாய் என்று விரட்டினார்கள். மறுபடி போனாள். மறுபடி விரட்டினார்கள். படிக்கட்டு ஓரத்துப் பாசி, தண்ணீர் திசை மாறிய பிறகு ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதை அப்படித்தான் பார்த்தாள். அந்தத் தாமதத்தைத் திரையில் கொண்டுவர மாதக்கணக்கில் ஆனது.

"ஆல்வின் தம்பி போன் பண்ணுச்சு. வெள்ளிக்கெழம பாரூக் கடைல எல்லாரும் சேந்து அந்த அறிவிப்ப பாக்குறாங்களாம். நீயும் போயிப் பாத்துட்டு வா. நாலு பேரு இருக்குற எடந்தான், தப்பில்ல" என்றார் சூசைமாணிக்கம்.

அவள் போனாள். ஓடையைப் பெரிய திரையில் பார்க்க ஆசை இருந்தது. அதை மறுக்க முடியாது.

முகமது பாரூக்கின் கேம் பார்லர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஏசி இருந்தது, குளிர் இல்லை. இருபது பேர் உட்காரும் இடத்தில் ஐம்பது பேர் நின்றார்கள். எல்லோரும் கருப்புச் சட்டை. கருப்புப் பெட்டிக்கு மரியாதை போலிருக்கிறது. ஆல்வின் திரைக்குப் பக்கத்தில், முகத்தில் சிவப்பு விளக்கு விழும்படி, தன் கேமராவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"வாங்க வாங்க. ஒக்காருங்க. சத்தமா இருக்கும், செத்த நேரம் பொறுத்துக்கங்க."

"பரவால்ல. நீங்க பாருங்க."

பாரூக் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டார். "நீயாச்சும் சொல்லும்மா" என்றார். "புதுசு புதுசா விடுறானுங்க. இங்க வர்றவன் பூராம் அதே கிரிக்கெட்டு, அதே புட்பாலு. பழைய டப்பாவுக்கே இவனுங்க வெரல் பழகல."

"அப்புறம் ஏண்ணே இந்தக் கூட்டம்?"

"ஜூஸ் விக்குதுல்ல."

அந்த அறையில் அறிவோடு பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று தமிழ்நிலாவுக்குத் தோன்றியது.

அறிவிப்பு தொடங்கியது. ஒரு வெள்ளைக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மேடையில் நடந்தார். நடந்துகொண்டே மனித குலத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பெட்டி வந்தது. சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு பெட்டியைச் சுற்றிக் காட்டினால் பெட்டிதான் தெரியும். ஆனால் முன்வரிசையில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்னொருவன், "போச்சு, கெடுத்துட்டானுங்க" என்று தலையில் கை வைத்தான். இருவரும் ஒரே பெட்டியைத்தான் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர்கள் ஆல்வினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம் சாய்வதற்கு. விலை வந்தபோது மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக முனகினார்கள்.

அதன் பிறகு கேம் படங்கள். வெடி, கார், வாள், மறுபடி வெடி. திடீரென்று சத்தம் எல்லாம் அடங்கி, திரையில் அந்த ஓடை ஓடியது.

தமிழ்நிலா ஸ்டூலில் முன்னுக்கு நகர்ந்தாள். காலை வெயில் தண்ணீருக்குள் இறங்கிக் கல்லைத் தொட்டது. ஒரு வாலாட்டிக் குருவி வந்து உட்கார்ந்து எழுந்தது. தண்ணீர் திரும்ப, பாசி தாமதித்துத் திரும்பியது. அறையில் யாரும் பேசவில்லை. ஆல்வினும் பேசவில்லை. அவன் வாய் லேசாகத் திறந்து, கண் திரையிலேயே நின்றது. அவள் அதைப் பார்த்தாள்.

அடுத்த கணம் அவன் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"ஏலே, இது நம்ம ஆத்தூர் வாய்க்கால்லே. சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறுனா ஓசியிலயே பாத்துட்டு, குளிச்சுட்டு வந்துரலாம். இதுக்கு இம்புட்டு காசு குடுத்து ஒரு டப்பா வாங்கணுமாக்கும். வாய்க்கால் டப்பா."

அறை இடிந்து விழுவது போலச் சிரித்தது. "வாய்க்கால் டப்பா, வாய்க்கால் டப்பா" என்று பின்வரிசை தாளம் போட்டது. கண்ணைத் துடைத்தவனும் சேர்ந்துகொண்டான்.

தமிழ்நிலாவுக்குக் காது சூடானது. அவமானம் என்று சொல்லிவிட முடியாது. இந்த நேரம் உலகத்தில் எத்தனையோ பேர் அந்த ஓடையைப் பார்த்திருப்பார்கள். ஜப்பான் என்பார்கள், வியட்நாம் என்பார்கள். சரியான வாய்க்காலைச் சரியாகச் சொன்னவன் இவன் ஒருவன்தான். அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறோம் என்று ஒரு நொடி மகிழ்ந்தாள். அடுத்த நொடி, அதைச் சொன்ன வாயைப் பார்த்தாள். அவன் கசக்கி எறிந்த பேப்பர் கப் தொட்டிக்கு வெளியே விழுந்தது. நேரலை என்பதால் வெட்ட முடியவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாளே அந்தத் துண்டு வீடியோ போன் போனாகத் தாவியது. யாரோ அதற்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டு வெளியே அனுப்ப, வெளிநாட்டுக்காரர்களும் அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டார்கள். சாக்கடைப் பெட்டி என்றார்கள். கம்ப்யூட்டர் தானாகச் செய்த படம், மனுசன் செய்திருந்தால் இவ்வளவு சோம்பலாக இருக்காது என்று ஒருவன் நீளமாக விளக்கினான். அவன் சுட்டிக்காட்டிய தவறு பாசியின் தாமதம். தண்ணீர் ஒரு பக்கம் போக, பாசி மறுபக்கம் நிற்கிறதாம். வாழ்க்கையில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட நின்று பார்க்காத ஆயிரம் பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

சூசைமாணிக்கமும் அந்த வீடியோவை மகளுக்கே அனுப்பினார். மாடி ஏறி வந்து நேரிலும் சொன்னார்.

"மாப்ள என்னமா பேசுறாப்ள பாத்தியா. கடைல எல்லாப் பயலும் இதத்தான் பாக்குறான். மோட்டார் வாங்க வந்தவன்கூட வாய்க்கால் டப்பாங்குறான்."

"பாத்தேன்ப்பா."

"சிரிக்கலயா நீ?"

"அங்கயே சிரிச்சுட்டேன்."

வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து வீடியோ கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். டீம் தலைவர் வழக்கத்தைவிட மென்மையாகப் பேசினார், அப்போதே தெரிந்துவிட்டது. மேலே இருப்பவர்கள் மக்களின் கருத்தை மதிக்கிறார்களாம். அடுத்த படத்தில் ஓடை இருக்காது. கேமிலும் அந்த இடத்தில் ஒரு பாலம் வரும், பாலத்தின் மேல் வாள் சண்டை வரும். தமிழ்நிலாவின் உழைப்பை எல்லோரும் பாராட்டுகிறார்கள். யார் அந்த எல்லோரும் என்று அவள் கேட்கவில்லை. திரையில் இருந்த மற்ற முகங்கள் அவரவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. போன மாதம் அந்த ஓடையை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன முகங்கள்தான் எல்லாம்.

அடுத்த நாள் பகலில் ரவுண்டு ரோட்டில் ஒரு பேக்கரியில் ஆல்வினைச் சந்தித்தாள். அவன்தான் கேட்டிருந்தான். பெரியவர்கள் தேதி பேச ஆரம்பித்துவிட்டார்கள், அதற்குள் ஒருமுறை தனியாகப் பேசிவிடுவோம் என்றான். அது நியாயமாகப் பட்டது.

கேமரா இல்லாத ஆல்வின் வேறு மாதிரி இருந்தான். குரல் தணிந்திருந்தது. பப்ஸை உதிராமல் சாப்பிட்டான். அவளுடைய வேலையைப் பற்றி விசாரித்தான். தண்ணீர் எல்லாம் செய்வேன் என்று பட்டும் படாமல் சொன்னாள்.

"தண்ணியா?" என்று நிமிர்ந்தான். "அப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாம். அந்த ஓரெக்ஸ் படத்துல ஒரு வாய்க்கால் வந்துச்சுல்ல. நான்கூட கிண்டல் பண்ணேன்."

"ஆமா."

"வீட்டுக்குப் போயி அத திருப்பித் திருப்பிப் பாத்தேன். நெசமாச் சொல்றேன், இம்புட்டு வருசத்துல நான் அப்பிடி ஒண்ணு பாத்ததில்ல. ஓரத்துல பாசி ஒண்ணு கெடக்கும். தண்ணி திரும்புன பெறகு அது செத்த நேரம் யோசிச்சுத் திரும்பும். கவனிச்சீங்களா? எவனோ வாய்க்கால்ல நாள் கணக்கா ஒக்காந்து பாத்திருக்கான். கண்ணெல்லாம் கலங்கிருச்சு எனக்கு."

தமிழ்நிலா டீ டம்ளரை மேசையில் வைத்தாள். அந்தப் பாசியைக் கவனித்தவர்கள் அதுவரை இரண்டே பேர். ஒருவன் அதைத் தவறு என்றான். இவன் சரி என்கிறான். இன்னும் ஒரு வார்த்தை அவன் சரியாகப் பேசியிருந்தால் நிபந்தனையாவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருப்பாள்.

"அத ஏன் நீங்க வீடியோல சொல்லல?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். விவரம் தெரியாத பிள்ளைக்கு விளக்குகிறவனின் சிரிப்பு.

"நல்லா இருக்குன்னு சொன்னா யாருங்க பாப்பாங்க? ரெண்டு நிமிசத்துல அடுத்த வீடியோவுக்குப் போயிருவான். கிழிச்சாத்தான் நிப்பான். அது வேற, இது வேற."

"பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுச்சா, நல்லா இருக்குன்னு?"

"பாத்த ஒடனே தெரிஞ்சுருச்சு. ஒரு செகண்டு வாயே வரல. அப்புறந்தான் லைவ் போகுதேன்னு ஞாபகம் வந்து, டக்குன்னு வாய்க்கால்னு விட்டேன்."

"அதச் செஞ்சவங்களுக்கு?"

"அவனுக்கு என்ன. அமெரிக்காவுல எங்கயோ ஏசில ஒக்காந்திருப்பான். திண்டுக்கல்லுல ஆல்வின் பேசுறதையா கேக்கப் போறான்."

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். இவ்வளவு நாள் இவனை முட்டாள் என்று நினைத்திருந்தோமே என்று வருத்தமாக இருந்தது. முட்டாள் என்றால் மன்னித்திருக்கலாம். வாய்க்காலைப் பார்த்து அடையாளம் தெரியாதவன் சாக்கடை என்கிறான், அவன் அறிவு அவ்வளவு. இவனோ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். கண் கலங்குகிற அளவுக்குப் பார்த்துவிட்டு, அதைக் கூட்டத்துக்கு முன்னால் போட்டு மிதித்து, வீட்டுக்குப் போய்த் தனியாக அழுதிருக்கிறான்.

"நான் கெளம்புறேன்" என்று எழுந்தாள்.

"அதுக்குள்ளயா? தேதி பத்திப் பேசவே இல்லயே."

"வீட்டுல சொல்லி அனுப்புறேன்."

வீட்டில் சொன்னாள். பிலோமினா முதலில் கேட்டது, வேறு யாராவது இருக்கிறானா என்பதுதான். இல்லை என்றதும், இருந்திருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும் என்ற முகத்தோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். சூசைமாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"குடிக்கிறானா?"

"இல்லப்பா."

"மரியாத இல்லாமப் பேசிட்டானா?"

"ரொம்ப மரியாதயாத்தான் பேசுனாரு."

"அப்புறம் என்னத்தா கொற?"

"அவருக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு நல்லாத் தெரியுதுப்பா. அதான் வேணாங்குறேன்."

நல்லது கெட்டது தெரிந்த பையன் வேண்டாம் என்று சொல்கிற மகளை என்ன செய்வது என்று சூசைமாணிக்கத்துக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. மகளுக்கு வேலைப்பளு, அதனால் மனசு சரியில்லை என்று ஆல்வின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்களும் ஒன்றும் வருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஓரெக்ஸ் கடைக்கு வந்தது. வாய்க்கால் டப்பா என்று சிரித்தவர்களில் பலர் முதல் நாளே வாங்கினார்கள். வாங்கி, பெட்டியைப் பிரிப்பதையே வீடியோ எடுத்துப் போட்டார்கள். கேமின் முடிவில் ஓடுகிற நீண்ட பெயர்ப் பட்டியலில் தமிழ்நிலா சூசைமாணிக்கம் என்ற பெயர் ஒரு எழுத்துப் பிழையோடு வந்தது. நிபந்தனை முடிந்துவிட்டதால், வெட்டி எறியப்பட்ட ஓடையைத் தன் பக்கத்தில் அவள் முழுதாக வெளியிட்டாள். 'இதைச் செய்தது நான்' என்று ஒரு வரி எழுதினாள். ஊர்ப் பெயரையும் போட்டாள்.

அன்று சாயங்காலமே ஆல்வின் போன் செய்தான்.

"நீங்களா?" என்றான். பேக்கரியில் கேட்ட அதே தணிந்த குரல். நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. "அன்னைக்கு எதுத்தாப்புல ஒக்காந்து பேசிக்கிட்டு இருந்தேனே. ஒரு வார்த்த சொல்லலயேங்க."

"சொல்லக் கூடாதுன்னு வேலைல நிபந்தன."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, அந்தப் பாசியப் பத்தி?"

"சொன்னீங்க."

"அத அப்பிடியே லைவ்ல பேசுவோம். நீங்க வாங்க. திண்டுக்கல் பொண்ணு, உலகத் தரம்னு போடுவோம். நான் மன்னிப்பும் கேட்டுர்றேன். இப்ப அது நல்லாப் போகும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் குரலில் பழைய வேகம் திரும்பியிருந்தது.

"எனக்கு வேல இருக்குங்க" என்றாள். "வச்சுர்றேன்."

அவள் வராமலே அவன் வீடியோ போட்டான். அவள் வெளியிட்ட ஓடைப் படத்தை எடுத்து நடுவில் வைத்து, பாசியின் தாமதத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினான். பேக்கரியில் சொன்ன அதே வார்த்தைகள். கண் கலங்கியதைக்கூடச் சொன்னான். சொன்னது அத்தனையும் உண்மை. கீழே எழுதியவர்கள் யாரும் நம்பவில்லை. அந்தப் பெண்ணிடம் காசு வாங்கிவிட்டான், ஆல்வின் மாறிவிட்டான் என்று எழுதினார்கள். நாலு நாளில் வீடியோவை எடுத்துவிட்டான். அடுத்த வாரம் அதே ஓரெக்ஸின் சூடு, சத்தம், வயர் நீளம் எல்லாவற்றையும் கிழித்து ஒன்று போட்டான். அது நன்றாகப் போனது. பாரூக் அவளை வழியில் பார்த்தபோது இதைச் சொல்லிச் சிரித்தார். தன் கடைக்கு இன்னும் புது டப்பா வாங்கவில்லை என்றும் சொன்னார்.

தமிழ்நிலா பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே கப்பல் கேம் ஒன்று செய்கிறார்கள். அவளுக்குக் கடல் கொடுத்தார்கள். கடல் அவளுக்குப் புதிது. கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய அன்று சூசைமாணிக்கம் மாடிக்கு வந்தார்.

"நத்தத்துல ஒரு வரன் வந்திருக்கு. மாங்கா மண்டி. பையனுக்கு இந்த கேமு, வீடியோ ஒண்ணும் தெரியாதாம். ஆடுனதே இல்லயாம்."

"அப்பிடியா."

"வரச் சொல்லவா?"

"வரச் சொல்லுங்க" என்றாள். "நாலு பேரு முன்னாடி, வீட்டுல வச்சே பேசட்டும். தனியா பேக்கரி வேணாம்."

ஏன் பேக்கரி என்று அவருக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.